ஜி-16: வெடித்த குழாயும் இடம் மாறிய ஸ்பிரிங்கும்

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் பின்னேரம் ஆறு மணி ஆகவில்லை, தேத்தண்ணி கூட ஆறவில்லை. கனடாவிலிருந்து அக்கா எடுத்தாள். அங்கே காலை ஏழரை.

"தம்பி, எல்லாற்ற போனும் ஒண்டா அலறுது. பிக்கறிங் அணு உலையில ஏதோ நடந்திட்டுதாம். நாங்கள் இப்ப என்ன செய்யிறது?"

கொழும்பில் உலோகவியல் படிப்பிக்கிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த எச்சரிக்கை கைதவறி ஒன்ராறியோ மாகாணம் முழுக்கப் போனது என்பது பிறகு தெரிந்தது. திருத்தச் செய்தி போன்களுக்கு வர இரண்டு மணி நேரம் வரை எடுத்தது. அன்று இரவு அவள் திரும்ப எடுத்து ஒரு கேள்வி கேட்டாள்: "அப்ப அங்க உண்மையா ஒருநாளும் ஒண்டும் நடக்கேல்லையோ?"

நடந்தது. 1983 ஓகஸ்ட் 1, திங்கட்கிழமை. பிக்கறிங் 2ஆம் உலை முழு வலுவில் ஓடிக்கொண்டிருந்தபோது அதன் 390 குழாய்களில் ஒன்று நீளவாக்கில் பிளந்தது. குழாயின் பெயர் ஜி-16. வரிசைக்கு ஓர் எழுத்து, நிரலுக்கு ஓர் எண், அவ்வளவுதான்.

அந்தத் திங்களுக்கு முந்திய திங்கள் எது என்று கொழும்புத் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு யூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டுக்காரர் இரத்மலானை விமான நிலையத்தில் அகதிகளாகப் படுத்திருந்த நாட்கள் அவை. ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஒரு குழாய் வெடித்த சேதி அந்த வாரம் எங்கள் காதில் விழ நியாயமில்லை. ஆனால் அன்று முகாம்களில் கிடந்தவர்களில் எத்தனையோ பேர் பிறகு போய்க் குடியேறியது அந்த உலைக்கு அருகே, ஸ்காபரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும்தான்.

குழாய்

என் மேசையில் ஒரு வளையம் இருக்கிறது. அத்தான் ஒரு முறை வந்தபோது கொண்டுவந்து தந்தது. உலைக்குள் போகாத புதுக் குழாயில் வெட்டி மிஞ்சிய துண்டு, கதிர்வீச்சு எதுவும் இல்லை. உலோகம் சேர்க்கோனியம். அகலம் ஓர் அங்குலம், சுவர் நாலு மில்லிமீட்டர் சொச்சம், உள்விட்டம் 103 மில்லிமீட்டர். வளையல் போல மாட்டினால் முழங்கை வரை ஏறும். சமையலறைத் தராசில் 230 கிராம் காட்டியது. நிறம் நல்ல கறுப்பு, எண்ணெய் தடவிய கருங்காலி மாதிரி ஒரு மினுமினுப்பு. ஓரத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் உள்ளே வெள்ளியாகப் பளிச்சிடும்.

பார்க்க வருகிற பொடியன்கள் எல்லாரும் அந்தக் கறுப்பைப் பெயின்ற் என்றே நினைக்கிறார்கள். அது பெயின்ற் இல்லை, துரு. குழாயைச் செய்து முடித்ததும் 400 பாகை நீராவியில் ஒரு நாள் வைத்து வேண்டுமென்றே ஏற்றும் துரு. ஒரு சில மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்புள்ள அந்த ஒட்சைட்டுப் படலம்தான் உலோகத்துக்குக் காவல்.

இப்படி ஆறு மீட்டர் நீளக் குழாய்கள் உலைக்குள் கிடையாகப் படுத்திருக்கும். உள்ளே யுரேனியக் கட்டுகள். அவற்றைச் சுற்றி ஓடுவது பாரநீர், அதாவது ஐதரசனுக்குப் பதில் அதன் இரட்டைப் பாரமுள்ள தியூத்தேரியம் கொண்ட நீர். உள்ளே நுழையும்போது 250 பாகை, வெளியேறும்போது 290ஐத் தாண்டும். கொதித்துவிடாமல் இருக்க வளிமண்டலத்தைப் போல 90 மடங்கு அழுத்தம். இந்தச் சூடான அழுத்தக் குழாய்க்கு வெளியே இன்னொரு குழாய், கலந்திரியாக் குழாய். அதற்கு அப்பால் இருப்பதும் பாரநீர்தான், ஆனால் அது நூறு பாகைக்கு நன்றாகக் கீழே. இரண்டு குழாய்களுக்கும் இடையே காய்ந்த வாயு மட்டும்.

சூடானது குளிரானதைத் தொடக்கூடாது. தொடாமல் பார்த்துக்கொள்ள வைத்தது ஒரு ஸ்பிரிங். மெல்லிய கம்பியைச் சுருட்டி இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கி, அழுத்தக் குழாய்க்கு அரைஞாண் கட்டியது போல மாட்டியிருந்தார்கள். பிக்கறிங்கின் முதல் உலைகளில் ஒரு குழாய்க்கு இரண்டு. கொஞ்சம் தளர்வாகவே மாட்டியிருந்தது. வினை அந்தத் தளர்விலிருந்துதான் வந்தது.

ஏன் சேர்க்கோனியம்?

இந்த உலோகத்துக்கும் எங்களுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1789இல் பேர்லினில் கிளப்ரொத் என்ற வேதியியலாளர் ஒரு கல்லைக் கரைத்துப் பார்த்து, இதற்குள் புதிதாக ஒரு மூலகம் இருக்கிறது என்றார். அந்தக் கல் போனது இலங்கையிலிருந்து. மாத்தறை வைரம் என்று ஏமாற்றி விற்கப்பட்ட அதே இனக் கல், சேர்க்கன். புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூத்தைலோடு கலந்து இன்றும் கிடக்கிறது. நாங்கள் அதை மணலாகவே கப்பலேற்றுகிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடிக்கு அருகே பழையகாயலில் அதே இன மணலிலிருந்து உலைத்தர சேர்க்கோனியம் எடுக்கிற ஆலை 2009இலிருந்து ஓடுகிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சரி, அது வேறு கதை.

அணு உலைக்காரருக்கு இது பிடித்ததற்குக் காரணம், உலையின் தொடர்வினையை நடத்தும் நியூத்திரனை இது கிட்டத்தட்ட விழுங்குவதே இல்லை என்பது. ஆனால் இயற்கையில் இதோடு ஒட்டிப் பிறந்த தம்பி ஒன்று உண்டு, ஆப்னியம். வேதியியலில் இருவரையும் பிரித்தறிவதே பாடு. நியூத்திரனை விழுங்குவதிலோ ஆப்னியம் ஐந்நூறு மடங்குக்கும் மேல். அதைக் களைந்தெடுக்கக் கற்ற பிறகே சேர்க்கோனியம் உலைக்குள் போகலாயிற்று.

தூய சேர்க்கோனியத்தின் அரிப்பு நம்பத்தக்கதல்ல. ஒரு துண்டு நன்றாக நிற்கும், அடுத்த துண்டு வெள்ளையாக உரிந்து கொட்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நோட்டிலஸ் அணு நீர்மூழ்கிக்கான உலைத் திட்டத்தில் வெள்ளீயம் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்ப்பில் தவறுதலாகத் துருப்பிடிக்கா உருக்குக் கலந்துவிட்டது. குப்பையில் போட வேண்டிய அந்தத் துண்டு மற்றவற்றை விட நன்றாகத் தாக்குப்பிடித்தது. உருக்கில் இருந்த இரும்பு, குரோமியம், நிக்கல் மூன்றும் அப்படியே செய்முறைக்குள் புகுந்தன. சேர்க்கலோய்-2 பிறந்தது அப்படி. வெள்ளீயம் ஒன்றரை வீதம், மற்ற மூன்றும் துளித்துளி. ஜி-16 இந்தக் கலப்புலோகத்தால் ஆனது. அந்தத் துளி நிக்கலைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

துருவும் அதன் மிச்சமும்

சூடான நீர் சேர்க்கோனியத்தைத் தொட்டால் நீரிலுள்ள ஒட்சிசனை உலோகம் பிடுங்கிக்கொள்ளும். ஒட்சைட்டுப் படலம் வெளியே வளர்வதில்லை, உள்ளே வளர்கிறது. ஒட்சிசன் ஏற்கெனவே இருக்கிற படலத்தை ஊடுருவிப் போய் உலோகத்தின் விளிம்பில் புதுப் படலம் கட்டும். அங்கே இடம் போதாது. ஒரு பங்கு உலோகம் ஒட்சைட்டானால் 1.56 பங்கு இடம் கேட்கும். அந்த நெரிசலிலேயே படலம் இறுகி நிற்கிறது. தடிக்கத் தடிக்க ஒட்சிசனுக்கு வழி நீளும், அரிப்பு மெதுவாகும். இரண்டு மூன்று மைக்ரோன் வந்ததும் நெரிசல் தாங்காமல் படலத்தில் நுண்வெடிப்புகள் விழும். நீருக்குக் குறுக்குவழி கிடைக்கும், அரிப்பு மறுபடி வேகமெடுக்கும். திரும்பப் படலம், திரும்ப வெடிப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் நேர்கோட்டில் ஏறுகிற மாதிரித் தெரியும்.

மாணவர்களுக்கு இதைக் காட்ட ஒரு மெல்லிய சேர்க்கோனியத் தகட்டை ஆய்வுகூட உலையில் வைப்போம். நீராவி அழுத்தக் கலம் எங்களிடம் இல்லை, வெறும் காற்றுத்தான். முதலில் வைக்கோல் பொன், பிறகு ஊதா, நீலம், கறுப்பு. ஒரு தடவை 700 பாகையில் இரவு முழுக்க மறந்து விட்டுவிட்டோம். காலையில் எடுத்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை, நகம் பட்டதும் பொரிந்து விழுந்தது. கறுப்புப் படலம் காவல், வெள்ளைப் படலம் காவல் போன வீடு என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவும் பாடப்புத்தகத்தின் முதல் பாதி. பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். படலம் எத்தனை மைக்ரோன், சுவர் எவ்வளவு தேய்ந்தது, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் ஜி-16 நன்றாகவே இருந்தது. பன்னிரண்டு வருடம் கூட ஆகாத குழாய், தடித்த சுவர், தேய்வென்று சொல்ல ஒன்றுமில்லை.

நீரிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கினால் மிச்சம் என்ன? ஐதரசன். பாரநீர் என்றால் தியூத்தேரியம். அதில் பெரும்பகுதி நீரோடு போய்விடும், ஒரு சிறு பங்கு உலோகத்துக்குள் இறங்கும். நிக்கல் இந்த இறக்கத்துக்குக் கதவு திறந்துவிடுகிறது. பின்னால் வந்த சேர்க்கலோய்-4இல் நிக்கலை எடுத்துவிட்டு இரும்பைக் கொஞ்சம் கூட்டியது இதற்காகவே. அரிப்பு ஏறத்தாழ அதே அளவு, உள்ளிறங்கும் ஐதரசன் மட்டும் பாதியளவாகக் குறைந்தது.

உள்ளிறங்கிய ஐதரசன் சும்மா இருந்தால் பிரச்சினை இல்லை. 300 பாகையில் சேர்க்கோனியம் நிறைப்படி பத்து இலட்சத்துக்கு 65 பங்கு அளவு ஐதரசனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அறை வெப்பநிலையில் ஒரு பங்கு கூட முடியாது. மிஞ்சியது உலோகத்தோடு சேர்ந்து ஐதரைட்டு என்ற சேர்வையாகப் பிரியும். ஐதரைட்டு உலோகத்தை விடச் சுமார் 17 வீதம் கூடிய இடம் எடுக்கும், அப்பளம் மாதிரி முறியும்.

அதோடு கரைந்த ஐதரசனுக்கு ஒரு குணம், சூடான இடத்திலிருந்து குளிரான இடத்துக்கு நகரும். கொழும்பு வெக்கையில் ஐஸ் தண்ணிக் கிளாஸை மேசையில் வைத்தால் அறையின் ஈரமெல்லாம் தேடி வந்து அந்தக் கிளாஸில் வேர்க்கிறதே, ஏறக்குறைய அதுதான். அறை முழுக்க எவ்வளவு ஈரம் என்பதை விட, குளிர்ந்த கிளாஸ் எங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

ஓகஸ்ட் 1க்கு முன் நடந்தது

குழாயை வெட்டிச் சோதித்தபின் தெரிந்த வரிசை இது. கட்டுமான காலத்திலோ ஓட்டத்தின் அதிர்விலோ தளர்வான ஸ்பிரிங் இடம் பெயர்ந்திருந்தது. யுரேனியப் பாரம், சூடு, நியூத்திரன் அடி மூன்றும் சேர்ந்தால் குழாய் மெல்லத் தொய்யும். அது எதிர்பார்த்ததுதான், ஸ்பிரிங் இருந்ததே அதைத் தாங்க. தாங்க வேண்டிய இடத்தில் ஸ்பிரிங் இல்லை. தொய்ந்த குழாயின் அடிவயிறு வெளிக்குழாயில் முட்டியது. முட்டிய இடம் குளிர்ந்தது.

அதன் பிறகு சுற்றுவட்டாரத்துத் தியூத்தேரியமெல்லாம் அங்கே குவியத் தொடங்கியது. போதாததற்கு, சேர்க்கலோய்-2இல் தியூத்தேரியம் ஏறிய அளவு முன்கணிப்பை மிஞ்சியிருந்தது. குளிர்ந்த புள்ளிகளில் வில்லை வடிவில் திண்ம ஐதரைட்டுக் கொப்புளங்கள் எழும்பின. கொப்புளம் வீங்கியது, வீங்க இடமில்லாமல் வெடித்தது.

இந்த நிகழ்வில் என்னை விடாமல் பிடித்திருப்பது ஒன்று. நீர் இருந்தது குழாயின் உள்ளே, துருப்பிடித்ததும் பிரதானமாக உள்ளே. வெடிப்புத் தொடங்கியதோ வெளிப்பக்கத்தில், காய்ந்த வாயு மட்டும் இருந்த பக்கத்தில். உள்மேற்பரப்பை நாள் முழுக்க உருப்பெருக்கியால் பார்த்திருந்தாலும் அங்கே ஒன்றும் தெரிந்திராது. அரிப்பின் மிச்சம் நாலைந்து மில்லிமீட்டர் சுவரைக் கடந்து போய் மறுபக்கத்தில் கூடு கட்டியிருந்தது.

ஓகஸ்ட் 1 அன்று கொப்புள வெடிப்புகள் ஒன்றோடொன்று இணைந்தன. குழாய் சுமார் இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. பாரநீர் கொட்டியது. கட்டுப்பாட்டறையில் இருந்தவர்கள் உலையை ஒழுங்காக நிறுத்திக் குளிர்த்தினார்கள். அவசரக் குளிரூட்டலை இயக்க வேண்டி வரவில்லை. வெளியே போகும் கதிரியக்கமும் கூடவில்லை. அக்காவுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

கசிவு ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை?

பொறியியலாளர்களை உலுக்கியது இந்தக் கேள்வி. 1974, 75இல் பக்கத்து 3ஆம், 4ஆம் உலைகளிலும் குழாய்கள் வெடித்திருந்தன. அவை சேர்க்கோனியத்தோடு நியோபியம் என்ற உலோகம் இரண்டரை வீதம் கலந்த வேறு கலப்புலோகம். முனைகளைப் பொருத்தும்போது அளவுக்கு மேல் உருட்டி அழுத்தியதால், அந்த இழுவிசையில் ஐதரைட்டு வழியாக வெடிப்பு ஊர்ந்தது. ஆனால் அவை மரியாதையான வெடிப்புகள். சுவரைத் துளைத்துக் கசிந்தன, கசிவு கண்ணில் பட்டது, உலையை நிறுத்திக் குழாயை மாற்றினார்கள். முதலில் கசியும், பிறகுதான் உடையும் என்ற நம்பிக்கைக்கு அது நல்ல சாட்சியாகப் போய்விட்டது.

அந்த நம்பிக்கைக்குள் ஓர் எடுகோள் ஒளிந்திருந்தது, வெடிப்பு ஒரு புள்ளியில் பிறக்கும் என்பது. ஒரு புள்ளியில் பிறந்தால் அது நீள்வதற்குள் சுவரைத் துளைத்துவிடும், நீர் எட்டிப் பார்த்துக் காட்டிக்கொடுக்கும். ஜி-16இல் குழாய் தொட்டுக்கிடந்த கோடு நெடுகக் கொப்புளங்கள் வரிசையாக நின்றன, பயற்றங்காய்க்குள் பயறு மாதிரி. ஒவ்வொன்றும் ஆழம் குறைந்தது, ஒன்றும் சுவரைத் துளைக்கவில்லை. ஆனால் அவை இணைந்த கணத்தில் வெடிப்பின் நீளம் ஏற்கெனவே ஆபத்தான அளவைத் தாண்டிவிட்டது. கசிய நேரமே இல்லை. கசிவைத் தேடும் கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இங்கே அதற்கு வேலை வந்திராது.

ஸ்பிரிங் இடம் மாறியதைப் பலர் கட்டுமானத் தவறு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. குழாய்க்குள் போய் ஸ்பிரிங் எங்கே நிற்கிறது என்று பார்க்க வழி வைக்காமல் உலையைக் கட்டியது வடிவமைப்பின் பிழை.

பிறகு

அதே வகைக் குழாய்கள் கொண்ட 1ஆம் உலையும் நிறுத்தப்பட்டது. இரண்டிலும் எல்லாக் குழாய்களையும் உருவியெடுத்து, நியோபியம் கலந்த குழாய்களைப் போட்டார்கள். அந்தக் கலப்புலோகத்தில் தியூத்தேரியம் ஏறுவது குறைவு. உலைகள் திரும்ப ஓட 1987, 1988 ஆகிவிட்டது. 2ஆம் உலை 1997 கடைசியில் மறுபடி நின்றது, பிறகு எழும்பவேயில்லை. பின்வந்த உலைகளில் குழாய்க்கு நான்கு ஸ்பிரிங், அதுவும் இறுக்கிப் பிடிக்கிற வகை. பழைய உலைகளுக்குள் கருவியை விட்டு, நகர்ந்த ஸ்பிரிங்கைக் கண்டுபிடித்து இடத்துக்குத் தள்ளும் முறையும் வந்தது.

கல்பாக்கத்துக்காரருக்கு இது அடுத்த வீட்டுக் கதை அல்ல. அங்கே முதல் உலை தொடர்வினையைத் தொட்டதும் அதே 1983 யூலைதான். குழாய் சேர்க்கலோய்-2, ஸ்பிரிங் தளர்வான வகை. ஓர் உலைக்கு 306 குழாய்கள். 2002க்கும் 2006க்கும் இடையில் இரண்டு உலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, எல்லாவற்றையும் நியோபியக் குழாய்களாக மாற்றினார்கள்.

இப்போது குழாயின் ஐதரசனை அளப்பது சவரம் செய்கிற மாதிரி. கருவி குழாய்க்குள் போய் முதலில் ஒட்சைட்டைச் சுரண்டி ஒதுக்கும். பிறகு அதே இடத்தில் மெல்லிய உலோகச் சீவல் ஒன்றை எடுக்கும். அந்தச் சீவலில் எவ்வளவு தியூத்தேரியம் என்று ஆய்வுகூடம் சொல்லும். குழாய் அப்படியே வேலையில் இருக்கும்.

2021 யூலையில் ஒன்ராறியோவின் இன்னொரு நிலையமான புரூஸில் ஐதரசன் அளவு எதிர்பாராமல் கூடியிருந்தது தெரியவந்தது. உரிமத்தில் இருந்த எல்லை பத்து இலட்சத்துக்கு 120 பங்கு. சில குழாய்களில் அதையும் தாண்டியிருந்தது. தாண்டிய இடம் வெளியேறும் முனையருகே, குழாயின் மேற்பக்கம். வயதாகி விட்டம் பெருத்த குழாயில் யுரேனியக் கட்டு அடியில் படிந்துவிடும். மேலே உண்டாகும் இடைவெளியால் அவ்வளவு சூடேறாத நீர் வழுக்கிக்கொண்டு ஓடும். மேற்பக்கம் சில பாகை குளிர்ந்திருக்கும்.

இதையும் அக்காவிடம் சொன்னேன். "அப்ப திரும்பவும் குளிரான பக்கத்துக்குத்தான் போயிருக்குது, என்ன?" என்றாள். அவள் படிப்பித்தது சங்கீதம். என் வகுப்பில் மூன்றாம் வருடத்தில் இருக்கும் சிலருக்கு இது இன்னும் பிடிபடவில்லை.